ஆளுக்கு ஒன்று

மார்ச் 4

அண்ணிக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. போன வாரம் உங்கள் ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். "அவங்க சீட்ல இல்ல" என்று யாரோ சொன்னார்கள். பின்னால் உங்கள் இருமல் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

அவர் சாவைப் பற்றிய விசாரணை ரிப்போர்ட் தபாலில் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் தைக்கும் கடையின் முதலாளியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். "இங்க பாரும்மா, தொட்டில இறங்கின ரெண்டு பேருக்கும் மாஸ்க் குடுத்திருக்காங்க. உன் வீட்டுக்காரர் உள்ள போனப்புறம் தானாவே கழட்டிட்டாராம். அது கழிவுக்குள்ள விழுந்திருக்கும்னு போட்டிருக்கு. ஆலை மேல தப்பு இல்லையாம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நூல்கண்டைத் தேட ஆரம்பித்தார்.

ரிப்போர்ட்டோடு சூப்பர்வைசரின் வாக்குமூலம் ஒரு பக்கம் இருக்கிறது. கீழே 'மொழிபெயர்த்தவர்' என்று போட்டு ஒரு கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி. அது உங்கள் கையெழுத்து, அண்ணி.

பைக்கை வீட்டுக்குள் ஏற்றி ஸ்டாண்ட் போட்ட பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றுகிற மனுஷன் அவர். "தூங்கும்போதாவது கழட்டுவானா?" என்று நீங்களே கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். அவரா சாயக் கழிவுத் தொட்டிக்குள் நின்றுகொண்டு மாஸ்க்கைக் கழற்றினார்?

முதலாளியம்மா வாசிக்கும்போது பாப்பாவும் பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "அப்பா ஏம்மா கழட்டினாரு? நம்மள வேணாம்னா?" ஒன்பது வயசுப் பிள்ளை. அன்றைக்கே அவர் போட்டோவை எடுத்து பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள். நான் எடுத்து மாட்டினால் மறுபடி செருகுகிறாள்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். அவர் கழற்றினாரா? கன்னீரோடு கேட்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி

*

மார்ச் 11

தம்பி மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணீர் என்பதற்கு மூன்று சுழி ண. நீ இரண்டு சுழி போட்டிருக்கிறாய். பிள்ளை வளர்க்கிறவளுக்கு இதுவாவது தெரிந்திருக்க வேண்டும்.

விசாரித்தது நான் இல்லை. முடிவு எழுதியதும் நான் இல்லை. ஆய்வு அலுவலகத்தார் வெளிமாநிலத்துக்காரர்கள், அவர்களுக்கு எல்லாம் இங்கிலீஷில் வேண்டும். சூப்பர்வைசர் தன் வாயால், "தொட்டி ஆளுங்ககிட்ட மாஸ்க் இருந்துச்சு" என்று சொன்னார். அதை மொழிபெயர்த்தேன். மேலே போகிற தமிழ்த் தாள்களையெல்லாம் இங்கிலீஷில் எழுதுவதுதான் இருபத்தாறு வருஷமாக இந்த ஆலையில் என் வேலை. இதுவரை ஒரு தாள்கூடத் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை.

அவன் கழற்றினானா என்று என்னைக் கேட்கிறாய். நான் தொட்டிக்குள் இறங்கிப் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். திரும்பவும் சொல்கிறேன். அவன் படித்துக்கொண்டிருந்தான். உன் கடைக்குப் பேன்ட் தைக்க வந்தான். அன்றோடு படிப்பு போயிற்று. அவசரக் கல்யாணம், அவசர வேலை. ஒரே அறையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் படுத்துக்கிடந்தீர்களே என்று நான்தான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். அதற்கு இப்போது எனக்கே கேள்வித்தாள் அனுப்புகிறாய்.

பெண்ணிடம் உள்ளதைச் சொல். அப்பா கவனக்குறைவாக இருந்தார் என்று சொல். அழுது முடித்துவிடுவாள்.

இனி ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்யாதே.

அவன் அக்கா

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

மூன்று சுழி போடுகிறேன். நன்றி.

எங்கள் தெருமுனையில் ஒரு வாத்தியார் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறார். அவர் பேன்டுக்கு ஜிப் மாற்றிக் கொடுத்தேன். கூலிக்குப் பதிலாக அந்த ஒரு பக்கத்தை வாசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் விரலை வைத்து ஒரு வரியைக் காட்டினார். 'த க்ளீனர்ஸ் ஹேட் எ மாஸ்க்.' அதைத் தமிழில் என் நோட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

"இதுக்கு ரெண்டு அர்த்தம் வரும்மா" என்றார். "க்ளீனர்ஸ்னா ரெண்டு பேரு. எ மாஸ்க்னா ஒரு மாஸ்க். ஆனா ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணான்னு இந்த வரி சொல்லாது. இப்ப பாருங்க, என் பொண்ணுங்களுக்கு ஒரு வீடு இருக்குன்னு இங்கிலீஷ்ல சொல்றேன்னு வைங்க. ஆளுக்கொரு வீடாவும் இருக்கலாம். ஒரே வீட்டுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டும் இருக்கலாம். என் பொண்ணுங்களுக்கு ஒரு புருஷன் இருக்கான்னு சொன்னா..." சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அப்போ விசாரணைக்காரங்க எப்படி ஆளுக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டாங்க?" என்றேன்.

"அவங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்கிட்டாங்க. எழுதினவங்க மனசுல எது இருந்துச்சுன்னு எழுதினவங்களைத்தான் கேக்கணும்."

அதனால் கேட்கிறேன், அண்ணி. தமிழில் நாம் 'ஆளுக்கு ஒண்ணு' என்று சொல்வோம், இல்லை 'ஒண்ணே ஒண்ணு' என்று சொல்வோம். அந்த வரியை எழுதும்போது உங்கள் மனசில் எது இருந்தது?

அந்த வாத்தியார் நீங்கள் எழுதியதைப் பார்த்து, "அரைகுறையா எழுதியிருக்காங்க" என்றும் சொன்னார். அதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்லத் தோன்றியது.

உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 10

தம்பி மனைவிக்கு,

ஜிப் மாற்றக் காசில்லாத வாத்தியாரிடம் என் இங்கிலீஷைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாய். நல்லது. அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன், வாசித்துக் காட்டு.

என் வாக்கியம் அரைகுறை இல்லை. இங்கிலீஷ் மொழியே அப்படி. நான் 'மாஸ்க்ஸ்' என்று பன்மையில் எழுதியிருந்தாலும் இதே கதைதான். இரண்டு பேரிடம் மாஸ்க்குகள் இருந்தன என்றால் ஆளுக்கு ஒன்றா, ஆளுக்கு நான்கா, ஒருவனிடமே இரண்டும் இருந்து மற்றவன் கையை வீசிக்கொண்டு நின்றானா? எதுவும் தெரியாது. ஆளுக்கு ஒன்று என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டுமானால் 'ஈச்' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று உன் வாத்தியார் யோசித்தாரா? சேர்த்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நான் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. படிக்கிறவன் தப்பாகப் படித்தால் ஒவ்வொருவன் வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்ல என்னால் ஆகாது.

சூப்பர்வைசரிடம் ஒரு தடவை கேட்டேன், "ஒண்ணுன்னு தெளிவா போட்டுரவா சார்?" என்று. "நீங்க எழுதினதே நல்லாத்தான் இருக்கும்மா, விடுங்க" என்றார். விட்டேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் வீடு ஆலை கொடுத்தது.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்யப்போகிறாய்? பேன்டுக்குக் கால் மடிப்பாயா? அவன் போய்விட்டான். போனவனுக்கு ஒன்றும் இரண்டும் ஒன்றுதான்.

அவன் அக்கா

*

ஏப்ரல் 29

அண்ணிக்கு,

நெட்டையன் அண்ணன் வந்திருந்தார். என் வீட்டுக்காரரோடு தொட்டியில் இறங்கி உயிரோடு வந்தாரே, அவர்தான். சாவுக்கும் வராதவர், மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றார். தலை நிலையில் இடிக்கும் என்று குனிந்தே நின்றார். முதலாளியம்மா ஸ்டூல் போட்டும் உட்காரவில்லை.

"தங்கச்சி, மாஸ்க் ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். "எப்பவும் முறை போட்டுக்குவோம். ஒருத்தன் மாட்டிக்கிட்டு உள்ள இறங்குவான், ஒருத்தன் மேல கயிறு பிடிப்பான். அன்னிக்கு சூப்பர்வைசர் வந்து, சாயங்காலத்துக்குள்ள தொட்டி காலியாகணும், ரெண்டு பேரும் இறங்குங்கன்னு கத்தினாரு. ஒண்ணுதானே சார் இருக்குன்னு உன் வீட்டுக்காரன் சொன்னான். கைக்குட்டையை நனைச்சுக் கட்டிக்கடான்னாரு. அன்னிக்கு மாஸ்க் முறை அவனோடது. எனக்கு நாலு நாளா சளி, மூச்சு இரைக்குது. கழட்டி எனக்கு மாட்டி விட்டான். பின்னாடி வாரை இழுத்து அவனே டைட் பண்ணினான்."

மெஷின் மேல் கிடந்த வெட்டுத் துணியை எடுத்து எடுத்து மடித்தார்.

"அவன் கழட்டினது நிஜம்தான். ஆனா மேல நிக்கும்போதே கழட்டினான். எனக்காகக் கழட்டினான். இதை வெளிய சொன்னா வேலை போயிரும்னாங்க. என் சம்சாரத்துக்கு இப்ப எட்டாம் மாசம்."

போகும்போது ஒரு தாளைக் கொடுத்தார். போன வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து ஆபீஸுக்கு எழுதிய மனு. என் வீட்டுக்காரர் கையெழுத்து, எனக்குத் தெரியும். 'நாங்கள் இருவரும் தொட்டியில் இறங்குவதால் எங்களுக்கு ஆளுக்கு ஒரு மாஸ்க் வாங்கித் தரவும்.' அதோடு பின் அடித்து உங்கள் இங்கிலீஷ். உங்கள் சீல். வாத்தியாரிடம் ஓடினேன். 'த க்ளீனர்ஸ் நீட் எ மாஸ்க்.' ஸ்டோர்காரர்கள் ஒன்று வாங்கினார்கள்.

'ஆளுக்கு' என்று அவர் தெளிவாக எழுதியிருந்தார், அண்ணி. அந்தச் சொல் எங்கே போனது?

நீங்களே விசாரணைக்கு எழுதிவிடுங்கள். உங்கள் வாயால் சொன்னால் உங்களுக்கும் மரியாதை. மே பதினைந்து வரை காத்திருக்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

உங்கள் தம்பி மனைவி

*

மே 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்த மனு மேசைக்கு வந்தபோது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கையில் இன்னும் பதினோரு தாள் இருந்தது. 'ஆளுக்கு' என்பதை நான் வேண்டுமென்று விடவில்லை. எந்த அர்த்தம் மனதில் இருந்தது என்று கேட்டாயே, எந்த அர்த்தமும் இல்லை. அவன் கையெழுத்து என்றுகூடக் கவனிக்கவில்லை. எழுதினேன், சீல் குத்தினேன், சாப்பிடப் போனேன். அவ்வளவுதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாஸ்க் வந்த அன்று அவன் என் மேசைக்கு வந்தான். கையில் அந்தப் பெட்டி. "அக்கா, ஒண்ணுதான் வந்திருக்கு" என்றான். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் ஆள்கள் இருந்தார்கள். "நான் சரியாத்தான்டா எழுதியிருக்கேன். ஸ்டோர்ல தப்பாப் படிச்சிருக்காங்க" என்றேன். "சரி, இன்னொரு தடவை எழுதிக் குடு" என்றான். "இப்பவே மறுபடி எழுதினா நான் தப்பு பண்ணின மாதிரி ஆயிரும். அடுத்த ஆர்டர் வரும்போது சேத்துக்கலாம். அதுவரைக்கும் சமாளி" என்றேன். அவன் சிரித்தான். "உன் இங்கிலீஷுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, பயப்படாத" என்றான். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தான். தினமும் என் ஜன்னலைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போனான். ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

விசாரணைக்கு நான் எழுத மாட்டேன். என்னால் முடியாது. பேனாவை எடுத்தால் கை நிற்கிறது. அம்மா இல்லாத பிள்ளை என்று அவனுக்குத் தலை சீவிவிட்ட கை இது. நானே கொன்றேன் என்று இந்தக் கையாலேயே எழுதச் சொல்கிறாயா?

அந்த ஏப்ரல் கடிதத்தை அனுப்பாதே. ஆத்திரத்தில் எழுதியது. பாப்பாவை என்னிடம் அனுப்பு, நான் படிக்கவைக்கிறேன். இல்லையென்றால் அவள் பிறந்தநாளுக்கு வந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறேன். வாசலிலேயே நிற்கிறேன். உன்னை நான் பேசியது எல்லாம் தப்பு. மன்னிக்க வேண்டாம், அனுப்பாமல் மட்டும் இரு.

அக்கா

*

ஜூன் 20

அண்ணிக்கு,

பதினைந்தாம் தேதி வரை என்று சொன்னேன், பதினைந்தாம் தேதி வரை காத்திருந்தேன். பதினாறாம் தேதி காலையில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏப்ரல் கடிதத்தை மட்டும் இல்லை. மே ஒன்பது கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். அது இன்னும் தெளிவாக இருந்தது.

போன திங்கட்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வு அலுவலகத்துப் பெரியவர், ஆலை வக்கீல், உங்கள் சூப்பர்வைசர் மூன்று பேரும் இருந்தார்கள். எனக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். வக்கீல் தமிழிலேயே பேசினார். "உங்க வீட்டுக்காரர் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு மாத்தி எழுதிடறோம்மா. மொழிபெயர்ப்பாளர் செஞ்ச பிழையால ஒரு மாஸ்க்தான் வாங்கப்பட்டதுன்னு போடறோம். வேற யார் மேலயும் உங்களுக்குப் புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

சூப்பர்வைசர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை நனைத்துக் கட்டச் சொன்ன ஆள். நெட்டையன் அண்ணன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்வதற்கென்றே லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் மனைவிக்குப் பிரசவம் ஆகிவிட்டது, இனிமேல் பயமில்லை என்றார். நான் உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்திருப்பார்.

நான் குரல் கொடுக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டால் சூப்பர்வைசர் பாதி, ஆலை பாதி என்று தப்பு பிரிந்துபோகும். உங்களுக்குக் கொஞ்சம்தான் வரும். முழுசும் உங்கள் மேல் விழ வேண்டும் என்று எனக்கு இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இருப்பது பொய் இல்லை, அண்ணி. நூற்றுக்கு நூறு உண்மை. முழுசாக இல்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்தேன். நெட்டையன் அண்ணன் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "வேணாம்ணே, முடிஞ்சிருச்சு" என்றேன். "அப்போ நான் வந்தது?" என்றார். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மே மாதக் கடிதத்தைப் பாப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் போனது வரை. "அப்பா கேட்டும் அத்தை எழுதித் தரலையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போட்டோவை அவளே எடுத்து மாட்டினாள். பிறந்தநாளுக்கு வர வேண்டாம். இது நான் சொல்வது இல்லை, அவள் சொன்னது. சொல்லும்போது சிரித்தாள். உங்களிடமிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூலை 14

தம்பி மனைவிக்கு,

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டேன். பத்து நாள் கெடு கொடுத்திருந்தார்கள், ஆறாம் நாளே முடித்துவிட்டேன். இருபத்தாறு வருஷம், நான்கு அட்டைப்பெட்டி. என் வேலையைப் பற்றி உனக்கு எழுத வேண்டியது ஒன்றுமில்லை. நீ கேட்டதை நீ வாங்கிக்கொண்டாய். எனக்கு அது நியாயமாகத்தான் தோன்றுகிறது.

இது வேறு விஷயம்.

பீரோவை இறக்க நெட்டையன் வந்தான். யாரும் கூப்பிடவில்லை, தானே வந்தான். இறக்கி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். குடித்துக்கொண்டே சொன்னான், நாளை தொட்டி கழுவுகிறார்களாம். சூப்பர்வைசர் அதே சூப்பர்வைசர்தான். ஆபீஸ் அம்மாவின் தப்பு என்று எழுத்தில் முடிவாகிவிட்ட பிறகு அவரை யார் கேட்பது? இன்னொரு மாஸ்க் வாங்குவதற்கான மனு மேசையில் கிடக்கிறதாம். அதை இங்கிலீஷில் எழுத இன்னும் ஆள் போடவில்லை.

"ரெண்டு பேரும் இறங்கணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னு சொல்லிட்டாரு."

"மாஸ்க்?"

"என்கிட்ட இருக்கு."

"கூட இறங்குறவனுக்கு?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "கேட்டாலும் குடுக்க மாட்டேன்க்கா. குடுத்தா என்ன ஆகும்னு பாத்துட்டேன். குடுத்தவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்றேன்னு போய் நின்னேன், அதையும் யாரும் கேக்கல."

உனக்குப் போன் செய்தேன். மூன்று தடவை. நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது தொட்டி கழுவி முடித்திருப்பார்கள்.

அவனோடு இறங்கப்போகும் ஆள் யார் என்று கேட்டேன். "தெரியாதுக்கா, வந்து மூணு நாள்தான் ஆகுது" என்றான்.

அவன் அக்கா